எல்லையில் கிடைக்கும் ஒரு மணி நேரம்

அத்தியாயம் 9

“பத்தொம்பது மணி நேரம்! இருபத்தொம்பது வருஷமா பத்தொம்பது...”

“அப்பா, நான் சொல்றதை முழுசாக் கேளுங்க...”

“போன வருஷம் ஒண்ணைத் தவிர, ஒரு தடவைகூட இருபதைத் தொட்டதில்லை!”

“இருபத்தெட்டு ஆகும். இன்னைக்குச் சாயங்காலம் கிளம்பினா இருபத்தெட்டு!”

“இருபத்தெட்டா? கழுதை வண்டி பூட்டிக்கிட்டுப் போனாக்கூட முன்னாடி போயிடுவேனே!”

“கழுதைக்காவது நடுவுல நிறுத்தித் தண்ணி காட்டுவீங்க. அம்மாவுக்கு அதுவும் கிடையாது.”

டியோலிண்டா திரும்பவில்லை. அடுப்பில் இறைச்சித் துண்டுகள் ரொட்டித்தூள் போர்வையில் பொன்னிறமாகிக்கொண்டிருந்தன. வருடம் தவறாமல் ஜூலைக் கடைசி வெள்ளிக்கிழமை காலை ஆறரை மணிக்கு இந்த எண்ணெய்ச் சத்தம் இந்தச் சமையலறையில் கேட்கும். எஷ் நகரத்தின் இந்தத் தெருவில் பத்து வீட்டிலும் இதே சத்தம்தான். இன்று மத்தியானம் லக்ஸம்பர்க் முழுக்கக் கட்டட வேலைகளை மூன்று வாரத்துக்கு நிறுத்திவிடுவார்கள். கொத்தனாரும் சாரக்காரரும் ஓடு வேய்கிறவரும் ஒரே நேரத்தில் காரில் ஏறி, ஒரே திசையில், போர்ச்சுகல்லைப் பார்த்துப் போவார்கள்.

டியோலிண்டாவின் கணவர் அர்மிண்டோவும் போவார். அவர் சாரம் கட்டுகிறவர். அறுபத்தொரு வயது. டிசம்பரோடு ஓய்வு. அதனால் இதுதான் கடைசி ஜூலைப் பயணம் என்று ஒரு மாதமாகவே வீட்டில் ஒரு கனம் கூடிப்போயிருந்தது.

அதன்மேல் இன்னொரு கனம், மகள் வானியா. எட்டு வருடமாகக் கணவன் யோரிஸோடு விமானத்தில் போர்ச்சுகல்லின் போர்த்தோ நகரத்துக்குப் பறந்து, அங்கிருந்து வாடகைக் காரில் ஊருக்கு வருகிறவள், போன ஞாயிற்றுக்கிழமை ஒற்றைப் பெட்டியோடு வந்து இறங்கினாள். “யோரிஸ் ரெண்டு வாரம் கழிச்சு வருவார். நான் இந்த வருஷம் உங்களோட கார்லயே வரேன்” என்றாள். ஏன் என்று கேட்டால், “சும்மாதான்” என்றாள். சும்மா என்ற சொல்லை நம்புகிற வயதை டியோலிண்டா எப்போதோ தாண்டிவிட்டாள்.

“ஃபோன்லயே பதினெட்டுன்னு போடுது, பாரு!” அர்மிண்டோ ஃபோனை மகளின் மூக்குவரை கொண்டுபோனார். “நீ என்னமோ இருபத்தெட்டுங்கறே. ஃபோனைவிட நீ பெரிய ஆளா?”

“அது செவ்வாய்க்கிழமை விடியக்காலத்துல, ரோட்டுல ஒரு ஈ காக்கா இல்லாம, ஒண்ணுக்குக்கூடப் போகாம ஓட்டினா பதினெட்டு. இன்னைக்கு மெட்ஸ் தாண்டவே ரெண்டு மணி நேரம் ஆகும். பிரான்ஸ்ல போர்தோவைச் சுத்திப்போக ரெண்டு. சுங்கச் சாவடி வரிசை எல்லாம் சேத்து ஒண்ணு. பெட்ரோல், சாப்பாடு, கழிப்பறை. அப்பா, நான் இதைத்தான் தினம் செய்யறேன். சம்பளம் வாங்கிக்கிட்டுச் செய்யறேன்.”

உண்மைதான். வானியா ஒரு சுற்றுலாப் பேருந்து நிறுவனத்தில் நேர அட்டவணை போடுகிறவள். எந்த வண்டி எங்கே எத்தனை மணிக்கு நிற்கும் என்று சொல்வது அவள் தொழில்.

“எங்க டிரைவர் நாலரை மணி நேரம் ஓட்டினா முக்கால் மணி நேரம் இறங்கி நிக்கணும். சட்டம்.”

“நான் பஸ்ஸா? என் நெத்தியில நம்பர் எழுதியிருக்கா?”

“பஸ்ஸா இருந்தா கண்ணாடியாவது தொடைப்பாங்க” என்றாள் டியோலிண்டா, எண்ணெய்ச் சட்டியைப் பார்த்தபடியே.

மகள் சிரித்துவிட்டாள். அர்மிண்டோ சிரிக்கவில்லை. காப்பிக் கோப்பையைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தார்.

“இருபத்தொரு நாள், மகளே. பதினோரு மாசம் பனியிலயும் மழையிலயும் கம்பிமேல நின்னு சம்பாதிச்ச இருபத்தொரு நாள். உன் தாள்படி போக ரெண்டு ராத்திரி, வர ரெண்டு ராத்திரி, ரோட்டோர லாட்ஜ்ல படுக்கணும். எனக்கு என் கட்டில் அங்க காத்துக்கிட்டு இருக்கு. நாலு மணிக்குக் கிளம்பறோம். நாளைக்குப் பதினொண்ணுக்கு ஊர்ல இருப்போம்.”

கதவு சாத்திய வேகத்தில் சுவர்க் கடிகாரம் ஒரு தடவை ஆடி நின்றது.

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் டியோலிண்டாவுக்கு வருத்தம். அந்த வீட்டில் நியாயம் இல்லாத ஆள் யாராவது இருந்தால் எவ்வளவு சுலபமாக இருக்கும்!

வானியா தன் தாளை மேஜையில் விரித்து வைத்தாள். பென்சில் கோடுகள், கட்டங்கள். சனிக்கிழமை காலை ஐந்து மணிக்குப் புறப்பாடு. முதல் ராத்திரி புவாத்தியே. இரண்டாம் ராத்திரி ஸ்பெயினில் பர்கோஸ். திங்கள் மத்தியானம் பெனாஸ்கல், அதாவது அவர்கள் ஊர்.

டியோலிண்டா கையைத் துடைத்துக்கொண்டு வந்து குனிந்து பார்த்தாள். தாளைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு ஒரு மயக்கம் வந்தது. புவாத்தியே என்று ஓர் ஊர். இருபத்தொன்பது வருடமாக அந்தப் பெயரை நீலப் பலகையில் வாசித்திருக்கிறாள். அந்த ஊருக்குள் யாராவது ஜன்னல் திறந்து போர்வை உதறுவார்களா, அங்கே கோயில் மணி எப்படி ஒலிக்கும், ஒன்றும் தெரியாது. பிரான்ஸ் என்றால் அவளுக்குச் சுங்கச் சாவடியும் பெட்ரோல் நெடியும் கழிப்பறைச் சோப்பு வாசனையும்தான். போர்தோவைத் தாண்டியதும் ஜன்னல் வழியே வரும் பைன் மரக் காற்று மட்டும் கொஞ்ச நேரம் கூட வரும். பிறகு அதுவும் இறங்கிக்கொள்ளும்.

விரலை வைத்து ஒவ்வொரு நிறுத்தமாக நகர்த்தினாள். ஏழு மணி, நிறுத்தம். ஒன்பது, நிறுத்தம். பதினொன்று, நிறுத்தம்.

“பஸ் சட்டம் நாலரை மணி நேரம்னு சொன்னே. இங்க ரெண்டு மணிக்கு ஒரு தடவை நிறுத்தச் சொல்றியே?”

“கார் வேற, பஸ் வேறம்மா.”

“அப்படியா? பஸ்ஸைவிடக் கார்ல சீக்கிரம் களைப்பு வருமா?”

“காலை நீட்ட இடம் இல்லை இல்ல... அதான்.”

“உன் காப்பி ஆறிப்போச்சு.”

“குடிக்கறேன்.”

“ஞாயித்துக்கிழமையிலேருந்து ஆறிக்கிட்டு இருக்கு.”

வானியாவின் காது சிவந்தது. சின்ன வயதிலிருந்தே அவளுக்கு வாய் மறைப்பதைக் காது காட்டிக்கொடுத்துவிடும். அவள் சட்டென்று குனிந்து, தாளில் இல்லாத ஒரு கோட்டை ரப்பரால் அழித்தாள்.

டியோலிண்டா மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்டால் உடைந்துவிடும் என்று பயம். இரண்டு வருடத்துக்கு முன் இப்படித்தான் வானியா விமானத்தில் வந்து இறங்கினாள், மூன்றாம் மாதம். மறுநாளே பிரகான்சா ஆஸ்பத்திரியின் வெள்ளைச் சுவரைப் பார்த்தபடி தாயும் மகளும் உட்கார்ந்திருக்க வேண்டியதாயிற்று. விமானத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்று டாக்டர் நிறுத்தி நிதானமாகச் சொன்னார். ஆனால் மனசு டாக்டரிடம் படித்ததா என்ன?

ஆக, அதுதான். சும்மா என்பதற்கு அர்த்தம் அதுதான். மாதாவே, இந்தத் தடவையாவது!

“அம்மா, அப்பாவோட நோட்டு எங்க? பழைய நேரமெல்லாம் பாத்தா எங்க எவ்வளவு இழுக்குதுன்னு தெரியும்.”

டியோலிண்டாவின் கை ஒரு நொடி நின்றது. பிறகு அலமாரியிலிருந்து சிவப்பு அட்டை நோட்டை எடுத்துக் கொடுத்தாள். அப்பாவோட நோட்டு என்று பெயரே தவிர, எழுத்தெல்லாம் அவளுடையது. அவர் ஓட்டுவார், பக்கத்தில் உட்கார்ந்து அவள் எழுதுவாள். ரோடு குலுங்கிய இடத்தில் எழுத்தும் குலுங்கியிருக்கும்.

எழுதுவது மட்டும் அவள் வேலையில்லை. பேசுவதுதான் பெரிய வேலை. ராத்திரி முழுக்க அவரைத் தூங்கவிடாமல் பேச வேண்டும். யார் கல்யாணம், யார் சண்டை, எந்த மச்சினி என்ன சொன்னாள், அதற்கு இவள் என்ன சொல்லியிருக்க வேண்டும். ஸ்பெயினுக்குள் நுழையும்போது கதையெல்லாம் தீர்ந்துவிடும். பிறகு அதே கதைகளைப் பெயர் மாற்றிச் சொல்வாள். அவருக்குத் தெரியும், ஆனாலும் “ம், அப்புறம்?” என்பார்.

வானியா பக்கங்களைப் புரட்டினாள். “நாலு மணிக்குக் கிளம்பி, மறுநாள் பதினொண்ணுக்கு. நாலு அஞ்சுக்குக் கிளம்பி, பத்து அம்பதுக்கு. அடேயப்பா! ரயில் தோத்துப்போகும்.” புரட்டிய விரல் நின்றது. “அம்மா, கிளம்பற நேரம் எந்தக் கடிகாரத்துல பாப்பீங்க?”

“இதோ, இந்தச் சுவர்க் கடிகாரம்தான்.”

“போய்ச் சேர்ற நேரம்?”

“கோயில் கோபுரத்துக் கடிகாரம். கஸிமிரோ காப்பிக் கடை வாசல்லேருந்து பாத்தா நேரே தெரியும். வீட்டைத் திறக்கறதுக்கு முன்னாடி உங்கப்பா அங்கதானே வண்டியை நிறுத்துவார். உள்ளே போனதும் எல்லாரும் கேப்பாங்களே, ‘எத்தனை?’ன்னு.”

ஆமாம், அதுதான் ஊர் வழக்கம். சௌக்கியமா என்று யாரும் கேட்பதில்லை. எத்தனை? பாரிஸ் பக்கத்திலிருந்து வரும் அடெலினோ பதினாறு என்பான். ஜெனீவாக்காரன் பதினாறரை என்பான். அர்மிண்டோ பத்தொன்பது என்று சொல்லிவிட்டுத் தொப்பியைக் கழற்றுவார். அதற்காகவே ராத்திரி முழுக்க ஓட்டியதுபோல இருக்கும் அந்தக் கழற்றல்.

வானியா வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள்.

“என்னடி?”

“அம்மா! போர்ச்சுகல்ல மணி நம்மளைவிட ஒண்ணு பின்னாடி!”

“அது தெரியாதா? எல்லை தாண்டினதும் ரெண்டு பேரும் கைக்கடிகாரத்தைத் திருப்பி வெப்போமே.”

“கடிகாரத்தைத் திருப்பினீங்க. கணக்கைத் திருப்பலையே! இங்க நாலு மணி, அங்க பதினொண்ணு. அங்க பதினொண்ணுன்னா இங்க பன்னெண்டு. இருபது மணி நேரம்மா! எல்லா வருஷமும் இருபது. பத்தொம்பது ஒரு வருஷம்கூட ஆகலை!”

டியோலிண்டா நாற்காலியில் உட்கார்ந்தாள். முதலில் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு எங்கேயோ போய், அந்த ஒரு மணி நேரம் கண்முன் வந்து நின்றது.

வருடா வருடம் எல்லைப் பாலத்தில் யாரோ ஒரு மணி நேரத்தைக் கையில் வைத்து அழுத்தியிருக்கிறார்கள். இருபத்தொன்பது தடவை. ஒரு முழுநாளும் மேலே ஐந்து மணியும். அந்த நாளை அவள் எங்கே வைத்தாள்? ஒரு நாள் முழுசாகக் கிடைத்திருந்தால் என்னவெல்லாம் செய்திருக்கலாம்! பைன் காட்டுக்குள் கொஞ்சம் நடந்திருக்கலாம். புவாத்தியேயில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து பீச் பழம் தின்றிருக்கலாம். திரும்பி வரும்போது அதே பாலத்தில் அந்த மணியைப் பிடுங்கிக்கொள்கிறார்கள்தான். ஆனால் திரும்பி வருகிற கணக்கை நோட்டில் எழுதுவதில்லையே. எஷ் நகரத்தில் யார் கேட்கப்போகிறார்கள், எத்தனை என்று?

“அம்மா.” வானியாவின் குரல் மாறியிருந்தது. கடைசிப் பக்கத்தில் இருந்தாள். “போன வருஷம், பர்கோஸ் பெட்ரோல் எட்டு பத்து. தோர்தெசில்யாஸ் காப்பி பதினொண்ணு இருபத்தஞ்சு.”

எண்ணெய்ச் சட்டியை இறக்கப் போனாள் டியோலிண்டா. அது ஏற்கெனவே இறக்கியிருந்தது.

“நூத்தம்பது கிலோமீட்டர்மா. ஒன்றரை மணி நேர ரோடு. மூணே கால் மணி நேரம் என்ன பண்ணீங்க?”

“கூட்டமா இருந்திருக்கும்.”

“அங்கயா? அந்த ரோட்டுல எப்பவும் கூட்டம் இருக்காது. என் டிரைவர்களுக்கே அங்க தூக்கம் வருதுன்னுதான்...” வானியா நிறுத்திக்கொண்டாள். தாயின் முகத்தைப் பார்த்தாள்.

“டப்பா எங்க வெச்சேன்?” என்று எழுந்து உள்ளே போனாள் டியோலிண்டா.

உள்ளறையில் டப்பா இல்லை. கட்டில் இருந்தது, கட்டில்மேல் திறந்த பெட்டிகள் இருந்தன. ஒரு பெட்டியின் ஓரத்தில் உட்கார்ந்தாள். கண்ணை மூடியதும் மஞ்சள் நிறம் வந்தது. போன வருடத்திலிருந்து எப்போது மூடினாலும் அதே மஞ்சள்.

அன்றைக்கு அவள் தூங்கிவிட்டாள். அதுதான் நடந்தது. இருபத்தெட்டு வருடம் கதை சொன்ன வாய், ஸ்பெயினின் காலை வெயிலில் ஒரு கால் மணி நேரம் மூடிக்கொண்டது. தூங்குகிறவர்களை எழுப்ப ரோட்டோரத்தில் வெட்டியிருக்கும் வரிப்பள்ளம் சக்கரத்தில் உறுமியபோது கண் விழித்தாள். அர்மிண்டோவின் தலை சாய்ந்திருந்தது. கார் ரோட்டை விட்டு, சரளையில் இறங்கி, வயலுக்குப் போகும் மண் பாதையில் தூசி கிளப்பி நின்றது. நின்றது என்பதுதான் மாதாவின் புண்ணியம். ஒரு லாரி சத்தம் போட்டுக்கொண்டே கடந்து போயிற்று.

அவர் நெற்றியை ஸ்டியரிங்மேல் வைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. சாரத்தின் உச்சியில் நின்று பழகிய மனுஷன்.

“வானியாகிட்டச் சொல்லாதே. சாவியை வாங்கிடுவா. சொல்லமாட்டேன்னு சொல்லு, லிண்டா.”

“சொல்லமாட்டேன்” என்றாள். அவருக்காக மட்டும் சொல்லவில்லை. நான் தூங்கிவிட்டேன் என்பதையும் சேர்த்துத்தானே மூடினாள்.

பிறகு அவர் அப்படியே தூங்கிப்போனார். ஒன்றே முக்கால் மணி நேரம். அவள் கதவைத் திறந்து இறங்கினாள். இரண்டு பக்கமும் சூரியகாந்தி, கண்ணுக்கு எட்டின மட்டும், ஆயிரம் ஆயிரம் முகம். ஒரு சத்தம் இல்லை. செருப்பைக் கழற்றினாள். மண் சூடாக, மாவுபோல இருந்தது. தூரத்தில் இடிந்த மணிக்கூண்டின்மேல் ஒரு நாரை ஒற்றைக் காலில் நின்றது. அவளும் நின்றாள். ஒரு பீச் பழம் தின்றாள், சாறு முழங்கைவரை ஓடியது. யாருக்கும் கதை சொல்ல வேண்டியிருக்கவில்லை. இத்தனை வருட ரோட்டில் அந்த ஒரு தடவைதான் ஸ்பெயின் அவள் காலடியில் பட்டது.

செத்துப் பிழைத்த நாள், அவள் வாழ்க்கையின் அழகான காலை நேரமாகவும் ஆகிவிட்டது. இதை எந்தப் பாதிரியாரிடம் போய்ச் சொல்வது? தோர்தெசில்யாஸில் காப்பி குடிக்கும்போது நோட்டை எடுத்தாள். ஒன்பது நாற்பது என்று பொய்யாக எழுதியிருக்கலாம், அவர் பார்த்திருக்கவே மாட்டார். கை பதினொன்று இருபத்தைந்து என்று எழுதிவிட்டது.

மத்தியானம் ஒரு மணிக்கு அர்மிண்டோ வந்தார். வரும்போதே விசில். ஹெல்மெட்டைக் கொடியில் மாட்டினார். இனி மூன்று வாரம் அதற்கும் விடுமுறை.

வானியா அந்த ஒரு மணி நேரத்தைச் சொன்னாள். சிரித்துக்கொண்டு ஆரம்பித்தவள், அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் முடிக்கும்போது மெதுவாக முடித்தாள். அவர் குழாயடியில் வெகுநேரம் கை கழுவினார். சோப்பு போட்டார். மறுபடியும் சோப்பு போட்டார்.

“அடெலினோவும் இப்படித்தானே கணக்குப் போடறான்?”

“எல்லாருமே இப்படித்தான்பா.”

“அப்போ எல்லாருக்கும் ஒண்ணு கூட்டிக்க. வரிசை மாறாது.” துண்டில் கை துடைத்தவர் சட்டென்று நின்றார். “அடப்பாவமே! பெர்னார்தினோ!”

“யாரு?”

“லண்டன்லேருந்து வருவானே! அங்க மணியும் நம்ம ஊர் மணியும் ஒண்ணாச்சே. அவனுக்கு மட்டும் ஒண்ணும் குறையலை. இத்தனை வருஷமா அவனை நத்தை, நத்தைன்னு...”

“போன வருஷம் கடையில அவன் முதுகுல, நத்தைக்குத் தீனின்னு முட்டைக்கோஸ் இலையை வெச்சியே!” என்றாள் டியோலிண்டா.

மூன்று பேரும் சிரித்தார்கள். அர்மிண்டோ மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. காலையில் ஆடி நின்ற கடிகாரம்கூட இப்போது சேர்ந்து சிரிப்பதுபோல இருந்தது. இந்த நிமிஷத்திலேயே நிறுத்திவிட மாட்டார்களா என்று டியோலிண்டாவுக்குத் தோன்றியது.

“அப்பா, பாதி நான் ஓட்டறேன்” என்றாள் வானியா, சிரிப்பு அடங்குமுன்.

“என் ஸ்டியரிங்கை நான் யாருக்கும் கொடுத்ததில்லை.”

“சரி, நாளைக்குக் காலையில கிளம்பலாம்.”

“நாலு மணி. உனக்காக ஒண்ணு செய்யறேன். புவாத்தியே பக்கத்துல ஒரு மணி நேரம் படுத்துக்கறேன். ஒரு மணி நேரம்! அதான் எல்லையில இனாமாக் கிடைக்குதே, சரிக்குச் சரியாப் போயிடும்.”

“இனாம் இல்லைப்பா. அது கடிகாரத்துல கிடைக்கிறது. உங்க கண்ணுக்குக் கிடைக்கிறது இல்லை.” வானியா நோட்டைத் திறந்து அவர் முன்னால் வைத்தாள். “போன வருஷம் பர்கோஸுக்கும் தோர்தெசில்யாஸுக்கும் நடுவுல என்ன ஆச்சு?”

அர்மிண்டோ துண்டை மடித்து நாற்காலிமேல் போட்டார்.

“லாரி ஒண்ணு கவிழ்ந்து கிடந்துது. ரோட்டை அடைச்சுட்டாங்க.” அவர் நோட்டைப் பார்க்கவில்லை. மனைவியையும் பார்க்கவில்லை.

“அம்மா?”

“வெயில் ரொம்ப அதிகம் அன்னைக்கு” என்றாள் டியோலிண்டா.

அது பொய் இல்லை. ஆனால் கேட்ட கேள்விக்குப் பதிலும் இல்லை.

வானியா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு தன் தாளை நான்காக மடித்து, சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டாள். “சரி. உங்க இஷ்டம். நான் வரேன். டிக்கெட்டும் வாங்கலை, வேற வழியும் இல்லை” என்று மாடிப்படி ஏறினாள். ஏறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். எட்டு வயதிலிருந்து அந்தப் படியை இரண்டிரண்டாகத் தாண்டுகிற பெண்.

அர்மிண்டோ அதைக் கவனிக்கவில்லை. பெட்டிகளைத் தூக்கப் போய்விட்டார்.

நாலு மணிக்குத் தெரு முழுக்கக் கார்க் கதவுகள். கூரைமேல் கட்டின பெட்டிகள், சைக்கிள்கள், ஒரு வீட்டார் ஒரு குளிர்சாதனப் பெட்டியையே கட்டிக்கொண்டிருந்தார்கள். “பாலத்துல பாப்போம்!” “நான் போய்க் காப்பி குடிச்சு முடிச்சப்புறம் பாப்போம்!” என்று ஜன்னலுக்கு ஜன்னல் சவால். வெயில் பட்டு, செங்கல் சுவரெல்லாம் தேன் பூசியதுபோல இருந்தது. இந்த ஒரு மணிப்பொழுது மட்டும் எஷ் நகரம் எங்கோ மிதந்து போவதுபோல டியோலிண்டாவுக்கு எப்போதும் தோன்றும்.

வானியா பின் இருக்கையில் ஏறினாள். பெல்ட்டை இழுத்தாள். அடிப்பட்டையை வயிற்றின்மேல் படாமல் கீழே இறக்கி, இடுப்பெலும்போடு சரிசெய்து, அதன்மேல் கையை வைத்துக்கொண்டாள். ஜன்னல் வழியாக அம்மா பார்ப்பதைப் பார்த்ததும் கையை எடுத்தாள். காது சிவந்தது.

அர்மிண்டோ கண்ணாடியைச் சரிசெய்தார். சவரம் செய்து, புதுச் சட்டை போட்டு, மாப்பிள்ளை மாதிரி இருந்தார். ஆனால் அதிகாலை ஐந்து மணியிலிருந்து விழித்திருக்கிற கண். அதன் ஓரத்தில் சிவப்பு நரம்பு ஓடியது.

“எழுது, லிண்டா. நாலு பத்து.”

டியோலிண்டா நடைபாதையில் நின்றாள். ஒரு கையில் சாப்பாட்டு டப்பா. இன்னொரு கையில் சிவப்பு நோட்டும் பென்சிலும். அவளுடைய கதவு திறந்து கிடந்தது. இருபத்தொன்பது வருடமாக அவள் உட்கார்ந்த இருக்கையில் அவள் உருவத்துக்கு ஒரு பள்ளம் இருந்தது.

இன்று ராத்திரி எத்தனை கதை சொல்ல முடியும்? எந்த இடத்தில் தீரும்? தீர்ந்த பிறகு?

“ஏறு, லிண்டா. நாலு பதினொண்ணு ஆகுது.”

பின்னால் நின்ற கார் ஹார்ன் அடித்தது. அவள் டப்பாவைக் கூரைமேல் வைத்தாள். நோட்டைக் கடைசிப் பக்கத்தில் பிரித்தாள், பர்கோஸ் எட்டு பத்து என்று தன் கையெழுத்து இருந்த பக்கம். எழுதவில்லை. பென்சிலை அதற்குள் வைத்து மூடி, குனிந்து, ஸ்டியரிங்மேல் இருந்த அந்தக் கையின்மேல் தன் கையை வைத்தாள். கண்ணை மூடாமலே மஞ்சள் தெரிந்தது.

“அன்னைக்கு நானும் தூங்கிட்டேன், மனுஷா, அதையும் நானே சொல்லிடறேன். அந்தச் சூரியகாந்தி வயல்ல கார் எப்படி வந்து நின்னுதுன்னு, உன் மககிட்ட நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?”